அடைப்பு எடுக்கும் முன் ஒரு நிமிடம்

கதையும் கவிதையும் வருகிற நம் சங்க இதழில் இவர் சாக்கடையைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று வாசக அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சமையலறை ஸிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நிற்கிற நாளில் நம் வீட்டில் கவிதை படிக்க யாருக்கும் மனம் வராது. அப்படி ஒரு நாளில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் மனத்தை உறுத்துகிறது. அதைச் சொல்லி, அதன் பிறகு நான் கற்றுக் கொண்டவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

அன்று நடந்தது

2019-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் தில்லியை உறைய வைத்த குளிர் பலருக்கும் நினைவிருக்கும். மயூர் விகாரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. ஒரு வாளி ஊற்றினால் கால் மணி நேரம் குளம் போல் நின்றது. இரவு நேரம், பிளம்பரைக் கூப்பிட முடியாது. மூலைக் கடையில் அடைப்பு நீக்கும் தூள் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, தரைச் சல்லடையில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்று நினைப்பு. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாள் விழுப்புரம் பக்கத்தைச் சேர்ந்தவர். திரிலோக்புரியிலிருந்து விடியற்காலையிலேயே வந்துவிடுவார். அன்றும் வந்தார். குளியலறையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தார். மூலையில் கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டில் இருந்தது. அதை ஊற்றித் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, குனிந்து ஊற்றியிருக்கிறார்.

'சொர்' என்று ஒரு சத்தம். அதற்குள் ஓர் அலறல். சூடான கலவை பொங்கித் தெறித்து அவருடைய வலது கையிலும் கன்னத்திலும் பட்டுவிட்டது. என் மனைவி ஓடி வந்து அவரைச் சமையலறைக் குழாய்க்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அது தெய்வாதீனம். கண்ணில் படவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். கன்னம் ஆறிவிட்டது, கையில் ஒரு தழும்பு நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் கோபப்படவில்லை. "ஐயா, தூள் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் கை வச்சிருக்க மாட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

இதில் எனக்கு வெட்கம் எதனால் என்றால், நான் பள்ளியில் ஆண்டுக் கணக்கில் வேதியியல் நடத்தியவன். காரமும் அமிலமும் சேர்ந்தால் கடும் வெப்பம் உண்டாகும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! வகுப்பறையில் இருந்த அறிவு குளியலறைக்கு வந்து சேரவில்லை.

ஊரில் இல்லாத அடைப்பு இங்கே ஏன்?

அந்த வாரம் அடைப்பு எடுக்க வந்த பிளம்பர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர். தில்லியில் குழாய் வேலை செய்பவர்களில் அந்த மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள். அவர் கம்பியை விட்டு இழுத்து எடுத்ததைப் பார்த்து அசந்துவிட்டேன். மெழுகுவர்த்தி போல ஒரு வெள்ளைக் கட்டி. அதைச் சுற்றித் தலைமுடி. நடுவே சீயக்காய்த் தூள்.

வெள்ளைக் கட்டி என்ன? நம் தேங்காய் எண்ணெய்தான்!

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். சென்னையிலோ மதுரையிலோ குழாய்க்குள் அவ்வளவு குளிர் பெரும்பாலும் வராது. எண்ணெய் தண்ணீரோடு ஓடிவிடும். தில்லியில் ஜனவரி இரவில் 6, 7 டிகிரி என்பது சாதாரணம். நாம் வெந்நீரில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். வெந்நீரில் இளகிப் போன எண்ணெய், வெளிச்சுவர் ஓரமாகப் போகும் சில்லிட்ட குழாயைத் தொட்டதும் உறைந்து ஒட்டிக் கொள்கிறது. அதன்மேல் முடி, முடியின்மேல் சீயக்காய், மறுபடி எண்ணெய். இரண்டு மாதத்தில் குழாய் மூடிவிடும்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் சமையலுக்கும் தலைக்கும் கடுகெண்ணெய். அது தில்லிக் குளிரிலும் உறையாது. நல்லெண்ணெயும் அவ்வளவு எளிதில் உறையாது. நெய்யும் வனஸ்பதியும் தேங்காய் எண்ணெயும்தான் வில்லன்கள்.

சமையலறையில் இன்னும் சில இருக்கின்றன. வடித்த கஞ்சி சூடாக இருக்கும்போது தண்ணீர் போல் ஓடும், ஆறினால் பசையாகும். இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அப்படியே. காபி வடிகட்டியின் மண்டி மணல் மாதிரி அடியில் போய்ப் படியும். புளிச் சக்கை, தேங்காய் நார், கறிவேப்பிலைக் காம்பு இவையெல்லாம் அந்தப் பசையில் சிக்கிக் கொள்ளும். ஆக, நம் வீட்டு அடைப்பு பெரும்பாலும் நம் கைவேலைதான்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

ஸிங்க்கின் கீழே குனிந்து பார்த்தால் குழாய் நேராகப் போகாமல் வளைந்து போவதைக் காணலாம். சில வீடுகளில் வளைவுக்குப் பதில் குப்பி போன்ற ஒன்று இருக்கும். இதற்கு டிராப் என்று பெயர். இந்த வளைவில் எப்போதும் சுமார் 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் பூட்டு. சாக்கடையின் வாடையும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அதுவே. இலண்டனில் இருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் 1775-ல் இந்த வளைவை வைத்துக் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை நம் வீடுகளில் இருப்பது அந்த யோசனைதான்.

குளியலறைத் தரையிலும் சல்லடைக்குக் கீழே இதே போன்ற பூட்டு உண்டு. சிலவற்றில் கையால் தூக்கி எடுக்கக் கூடிய குவளை ஒன்று கவிழ்ந்திருக்கும். "இதுதான் தண்ணீரை மறிக்கிறது" என்று சிலர் அதை எடுத்து எறிந்துவிடுவார்கள். அன்றிலிருந்து வீட்டில் நாற்றம் தொடங்கும். அதைக் கழுவி, இருந்தபடியே வைக்க வேண்டும்.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள்

ஒரே ஓர் இடத்தில் மட்டும், உதாரணமாக ஸிங்க்கில் மட்டும், தண்ணீர் நின்றால் அடைப்பு அதன் டிராப்பிலோ அதை ஒட்டிய குழாயிலோ இருக்கிறது. அதை நாமே பார்க்கலாம்.

ஸிங்க், குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒரே சமயத்தில் நின்றாலோ, மாடி வீட்டில் குளிக்கும்போது கீழ் வீட்டுத் தரைச் சல்லடையில் தண்ணீர் பொங்கினாலோ, அடைப்பு வெளியே பொதுக் குழாயில் இருக்கிறது. அப்போது நம் வீட்டுக்குள் எதை ஊற்றினாலும் பயனில்லை. தண்ணீர் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, மாடி வீட்டாரிடமும் சொல்லி, குடியிருப்போர் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெருச் சாக்கடை என்றால் தில்லி ஜல போர்டின் 1916 என்ற எண் இருக்கிறது.

மருந்தில்லா வைத்தியம்

கீழே சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். பெரும்பாலும் மூன்றாம் படியைத் தாண்ட வேண்டியிராது.

முதல் படி: ரப்பர் கையுறை போட்டுக் கொண்டு சல்லடையைக் கழற்றுங்கள். பழைய கம்பி ஒன்றின் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, முடியையும் கசடையும் மேலே இழுத்து எடுங்கள். உள்ளே தள்ளக் கூடாது. எடுத்ததைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

இரண்டாம் படி: எண்ணெய் அடைப்பு என்று தோன்றினால், அரை வாளி வெந்நீரில் அரைக் கோப்பை சலவை சோடாவைக் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். சலவை சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. குழப்பிக் கொள்ள வேண்டாம். வெந்நீர் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் அதற்கே இளகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது தவறு. பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கி, வளைந்து, இணைப்புகள் கசியும். பீங்கான் கழிப்பறைக் கோப்பையில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விழும்.

மூன்றாம் படி: ரப்பர் பம்ப். மரப்பிடியில் கிண்ணம் போல ரப்பர் வைத்தது. எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். வாஷ் பேசினில் மேலே ஒரு சின்னத் துளை இருக்கும்; அதை ஈரத்துணியால் அடைத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும். பிறகு 15, 20 முறை அமுக்கி இழுங்கள். அமுக்குவதைவிட இழுப்பதுதான் முக்கியம். குழாயில் ஏற்கெனவே தூளோ ஆசிட்டோ ஊற்றியிருந்தால் ரப்பர் பம்பைத் தொடவே கூடாது; முகத்தில் தெறிக்கும்.

நான்காம் படி: ஸிங்க்கின் கீழுள்ள டிராப்பைக் கழற்றுவது. அடியில் வாளி வையுங்கள். குப்பியின் அடிப்பாகத்தைக் கையாலேயே இடப்பக்கம் திருகலாம். உள்ளே இருக்கும் கசடை வாளியில் கொட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வாஷர் இடம் மாறாமல் மறுபடி பூட்டுங்கள். கழுவும்போது அதே ஸிங்க்கின் குழாயைத் திறந்துவிட வேண்டாம். நானும் ஒரு முறை திறந்து காலை நனைத்துக் கொண்டவன்தான். பூட்டிய பின் இணைப்பைச் சுற்றிக் காய்ந்த செய்தித்தாளைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். காகிதம் நனைந்தால் கசிகிறது என்று பொருள்.

ஐந்தாம் படி: சுருள் கம்பி. இதைச் சுற்றிச் சுற்றி உள்ளே விட்டு, தடை தட்டுப்பட்ட இடத்தில் முன்னும் பின்னும் ஆட்டி, கசடோடு வெளியே இழுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பிளம்பரை அழைப்பதே புத்திசாலித்தனம்.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றினால் அடைப்பு ஓடிவிடும் என்று பலர் சொல்வார்கள். நுரை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக் கொண்டு, கடைசியில் குழாயில் மிஞ்சுவது வலுவில்லாத உப்புத் தண்ணீர். முடியையும் உறைந்த எண்ணெயையும் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆபத்தும் இல்லை, பயனும் அதிகம் இல்லை.

தூளும் ஆசிட்டும்

அடைப்பு நீக்கும் தூளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. சிலவற்றில் அலுமினியத் துண்டுகளும் கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் கடும் சூடு உண்டாகும். அலுமினியம் சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். இந்தச் சூடும் காரமும் எண்ணெயைச் சோப்பாக்கி, முடியைக் கரைக்கும். நம் தோலும் கண்ணும் அதற்கு எண்ணெயும் முடியும் மாதிரிதான்.

கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும், கடையில் பாட்டிலில் விற்கும் ஆசிட்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 2013-ல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. அது கொடியவர்களிடமிருந்து பெண்களைக் காக்க வந்த உத்தரவு. நம் வீட்டு அலமாரியில் அலட்சியமாக நிற்கும் பாட்டிலிலிருந்து நம்மை நாம்தான் காத்துக் கொள்ள வேண்டும்.

மூன்று கலவைகளை மறக்காதீர்கள்.

காஸ்டிக் தூளும் ஆசிட்டும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடர் அல்லது பிளீச் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் 1915-ல் போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்ட அதே வாயு. நம் குளியலறைகள் சிறியவை. குளிர்காலத்தில் ஜன்னலையும் சாத்தி வைத்திருப்போம். நெஞ்சை அடைத்துவிடும்.

பிளீச்சும் அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும்.

ஆகவே என் யோசனை, தூளே வேண்டாம் என்பதுதான். வேறு வழியில்லை என்று பயன்படுத்தினால், பாக்கெட்டில் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துப் போடுங்கள். ஈரக் கரண்டியைப் பாக்கெட்டுக்குள் விடாதீர்கள். குழாயில் எட்டிப் பார்க்காதீர்கள். இரவு முழுவதும் விட்டு வைக்காமல், சொன்ன நேரம் ஆனதும் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்று பலிக்கவில்லை என்று இன்னொன்றை ஊற்றாதீர்கள். பிளம்பர் வந்தால் என்ன ஊற்றினோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உள்ள எல்லோருக்கும், வேலைக்கு வருகிறவர்களுக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கதவில் ஒரு காகிதமும் ஒட்டுங்கள். குளிர்பான பாட்டிலில் ஆசிட்டை ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பட்டுவிட்டால்?

தோலில் பட்டால் அந்தக் கணமே ஓடுகிற தண்ணீரில் பிடியுங்கள். குறைந்தது 20 நிமிடம். நனைந்த துணி, வளையல், மோதிரத்தை எடுத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, அதே போல் 20 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காரத்துக்கு எலுமிச்சைச் சாறு, அமிலத்துக்கு சோடா என்று வீட்டு வைத்தியம் செய்யாதீர்கள். அந்த முறிவிலேயே சூடு உண்டாகும்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போன வழியே திரும்பி வரும்போது தொண்டையை மறுபடி சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, பாக்கெட்டையோ பாட்டிலையோ கையில் எடுத்துக் கொண்டு விரையுங்கள். எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இயங்கி வருகிறது; அதன் கட்டணமில்லா எண் 1800 116 117. வாயு நெடி அடித்தால் உடனே வெளியே வாருங்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம் என்று மறுபடி உள்ளே போகாதீர்கள்.

வருமுன் காப்போம்

தோசைக் கல், வாணலி, எண்ணெய்க் கிண்ணம் இவற்றைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடையுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதி அடைப்பைத் தடுக்கும். வடித்த கஞ்சியைப் பருத்திப் புடவைக்குப் போடலாம். உப்பில்லாவிட்டால் நீர் சேர்த்துச் செடிக்கு ஊற்றலாம். காபி மண்டியைத் தொட்டி மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடுங்கள். ஸிங்க் வாயில் நுண்ணிய சல்லடை வையுங்கள்.

குளியலறைச் சல்லடையில் சேரும் முடியைக் குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குக் குளிர் அதிகம் இருக்காது. ஆனால் மார்கழி, தை மாத எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயே நல்லது. குளிர்காலம் முழுவதும் வாரம் ஒரு முறை அரை வாளி வெந்நீர் ஊற்றுங்கள். சானிட்டரி நாப்கின், டயாபர், பஞ்சு, ஈரத் துடைப்பான் காகிதம் எதையும் கழிப்பறையில் போடாதீர்கள், அவை கரையாது. மழைக்காலத்துக்கு முன் பால்கனித் துளையைப் பாருங்கள். புறா கூட்டின் குச்சியும் தொட்டி மண்ணும் சேர்ந்து அதை அடைத்திருக்கும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு மாதம் பூட்டிய வீட்டில் டிராப்பில் உள்ள தண்ணீர் தில்லி வெயிலில் வற்றிவிடும். திரும்பி வரும்போது வாடையும் கரப்பானும் வரவேற்கும். புறப்படும் நாளில் ஒவ்வொரு துளையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும்.

மூடிக்குக் கீழே மனிதர்

இனிச் சொல்லப் போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. 2022 மழைக்காலத்தில் எங்கள் கட்டிடத்தின் வெளிக்குழாய் அடைத்துக் கொண்டது. யாரோ ஒரு இளைஞரை அழைத்து வந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் ஒரு கயிற்றோடு மேன்ஹோலுக்குள் இறங்கத் தயாரானார். சுற்றி நின்றவர்கள் "சீக்கிரம் ஆகட்டும்" என்றார்கள். கீழ் வீடுகளில் கழிவுநீர் ஏறிக் கொண்டிருந்தது; அவர்கள் அவசரமும் நியாயம்தான். எனக்கு எங்கள் வீட்டு அம்மாளின் கை நினைவுக்கு வந்தது. "இறங்க வேண்டாம், இயந்திரம் வரட்டும்" என்றேன். சிலருக்குக் கோபம். இரவு முழுவதும் கீழ் வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்தினார்கள். மறுநாள் தண்ணீரைப் பீய்ச்சும் வண்டி வந்து அடைப்பு நீங்கியது.

மூடிக் கிடக்கும் சாக்கடையில் ஹைட்ரஜன் சல்பைடு, மீதேன் போன்ற வாயுக்கள் தேங்கி, பிராணவாயு குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. ஆனால் அளவு கூடும்போது நம் மோப்ப உணர்வையே மரத்துப் போகச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை" என்று நினைக்கிற நேரம்தான் மரண நேரம். காப்பாற்ற இறங்குகிறவரும் மடிகிறார். 2018 செப்டம்பரில் மேற்கு தில்லி மோதி நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய 5 பேர் இப்படித்தான் இறந்தார்கள்.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவரை இறக்கி வேலை வாங்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நகராட்சிக்கு மட்டுமல்ல, தனி மனிதருக்கும் இது பொருந்தும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த இழப்பீடு, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. பணம் கொடுத்து உயிரை மீட்க முடியுமா? கயிறோடு நிற்கிறவர் "பழக்கம்தான் ஸாப்" என்பார். நாம்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

இந்தியில் சொல்ல

புதிதாக வந்த குடும்பங்களுக்காகச் சில சொற்கள். நாலி என்றால் வடிகால். ஜாலி என்றால் சல்லடை. தக்கன் என்றால் மூடி. தேஜாப் என்றால் அமிலம். "நாலி ஜாம் ஹோ கயீ ஹை" என்றால் வடிகால் அடைத்துவிட்டது. "தேஜாப் மத் டாலியே" என்றால் அமிலம் ஊற்றாதீர்கள். "அந்தர் மத் உத்ரியே" என்றால் உள்ளே இறங்காதீர்கள். கடைசி வாக்கியத்தை மட்டுமாவது மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

வெட்டி ஒட்டிக் கொள்ள

1. எண்ணெயைத் துடைத்த பிறகே பாத்திரத்தைக் கழுவுவோம்.
2. அடைத்தால் முதலில் கம்பி, வெந்நீர், ரப்பர் பம்ப்.
3. தூள், ஆசிட், பிளீச் எதையும் ஒன்றோடு ஒன்று சேர்க்க மாட்டோம்.
4. எதை ஊற்றினாலும் வீட்டில் எல்லோருக்கும் சொல்வோம்.
5. மேன்ஹோலுக்குள் மனிதரை இறக்க மாட்டோம்.

எங்கள் வீட்டுக்கு அந்த அம்மாள் இன்றும் வருகிறார். அன்று முதல் எங்கள் குளியலறையில் ஆசிட் பாட்டில் கிடையாது; ஒரு கம்பிக் கொக்கியும் ரப்பர் பம்பும்தான் இருக்கின்றன. இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, "நாலாவதைப் பெரிய எழுத்தா போடச் சொல்லுங்கய்யா" என்றார். ஆசிரியரிடம் அப்படியே கேட்டுக் கொண்டிருக்கிறேன்.